சின்ன வண்டி பனியில் போகும்

1

துறையூர்ப் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் நான் சவுதியில் பனியில் மாட்டிக்கொண்ட கதை தெரியும். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளுக்கும் சொல்லியிருக்கிறேன். மெக்கானிக் ஒருத்தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை, நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய வண்டியில் ரெண்டு சக்கரம்தான் இழுத்தது, காலையிலிருந்து சாயங்காலம் வரை பனிக்குள் கிடந்தோம். கேட்டவர்கள் எல்லாம் அந்த மெக்கானிக்கைத் திட்டுவார்கள். நானும் சேர்ந்து திட்டுவேன். கடைசியில், "அந்தச் சின்ன வண்டியே பனிக்கு லாயக்கில்லப்பா" என்று முடிப்பேன்.

அந்தக் கதையைத் திருத்தத்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு மூணாம் வகுப்புப் படிப்பு. தமிழை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் வாணி எழுதுகிறாள். பேச்சில் சொல்வதைப் புத்தகத் தமிழாக மாற்றுவது அவள் வேலை. இதுவரைக்கும் எழுதியதைப் படித்துக் காட்டினாள். "மாமா, மெக்கானிக் திருடன்னுதானே எங்ககிட்ட இத்தனை நாளும் சொன்னீங்க?" என்று கேட்டாள். எழுதும்மா, போகப் போகத் தெரியும் என்றேன்.

2

நான் இப்போது ஷார்ஜாவில் மகன் செந்தில் வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரி போன பிறகு, ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று கூட்டிவந்துவிட்டான். வந்து மூணு வருஷம் ஆகிறது. எனக்கு விசா போட்டிருப்பது அவன்தான். முன்னே சவுதியில் பதினெட்டு வருஷம் இருந்தபோது அரபிக்காரர் ஒருத்தர் எனக்குக் கஃபீல், விசாவுக்குப் பொறுப்பாளி. அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஊருக்கு வர முடியும். இப்போது என் பிள்ளையே எனக்குக் கஃபீல். இதை நான் தமாஷாகத்தான் சொல்வேன். அவனுக்குப் பிடிக்காது. "அப்படிச் சொல்லாதீங்கப்பா" என்பான்.

அடையாள அட்டைக்குக் கைரேகை வைக்கப் போனபோது ஒரு கூத்து நடந்தது. கண்ணாடியில் விரலை வைத்தால் மெஷினில் ஒன்றும் விழவில்லை. அங்கே இருந்த பெண் என் விரலைத் துடைத்தாள், ஏதோ களிம்பு போட்டாள், மேலே தன் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். மெஷின் முடியாது என்றே சொன்னது. ஸ்டியரிங்கும் ஸ்பேனரும் மண்வெட்டியும் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. "பாபா, வாட் ஒர்க் யூ டூ பிஃபோர்?" என்று கேட்டாள். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். "டிரைவர்" என்றேன். "ஓ, குட் டிரைவர்" என்று சிரித்தாள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

பேத்தி தியாவுக்குப் பத்து வயது. அவளும் நானும் பேசுவது ரெண்டு பேர் ரெண்டு கரையில் நின்று பேசுவது மாதிரி. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், நடுவில் வாணி நின்று அங்கும் இங்கும் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் பனிக் கதை மட்டும் அவளுக்கு வாணி உதவி இல்லாமலே புரியும். அத்தனை தடவை கேட்டிருக்கிறாள். போன மாசம் பள்ளிக்கூடத்தில் தாத்தா பாட்டியைப் பற்றி ஒரு படம் வரைந்து வரச் சொன்னார்கள். அவள் வெள்ளை மலையும் பச்சை ஜீப்பும் வரைந்தாள். ஜீப்புக்குள் நான், மீசையோடு. ஜீப்புக்கு வெளியே கையில் ஸ்பேனரோடு ஒரு ஆள், புருவத்தை நெரித்துக்கொண்டு, பல் தெரிய நிற்கிறான். அவனுக்குத் தலைக்கு மேல் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. என்னம்மா என்று கேட்டேன். "பேட் மெக்கானிக், தாத்தா" என்றாள். டீச்சர் அதற்கு ஸ்டார் ஒட்டிக் கொடுத்திருந்தார். வாணி அதை ஃபிரிட்ஜில் மாட்டிவைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த ஆள் என்னைப் பார்ப்பான்.

அதே மாசம்தான் செந்தில் அந்த வண்டியை வாங்கினான்.

3

அவன் வாங்கியது முப்பது வருஷத்துக்கு மேலான பழைய சின்ன ஃபோர் வீல் ஜீப். இங்கே இளவட்டங்களுக்கு அது ஒரு கிறுக்கு. புது வண்டி வாங்க வசதி இருக்கிறவன்கூட பழசைத் தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்து, லீவு நாளில் மணலுக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அப்பா, வந்து பாருங்க" என்று போன் பண்ணினான். இறங்கிப்போய்ப் பார்த்தேன். நான் சவுதியில் ஓட்டிய அதே மாதிரி வண்டி. நிறம்தான் வேறு.

சின்ன வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்றது புரியும்.

தம்மாமில் எங்கள் கம்பெனிக்கு டவர் வேலை. பாலைவனத்தில் எங்காவது கம்பம் நிற்கும், ஆட்களையும் சாமானையும் நான் கொண்டுபோய் விட வேண்டும். பெரிய வண்டிகள் இருந்தன, சின்ன ஜீப் நாலு இருந்தது. எல்லோரும் பெரிய வண்டிக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். புதிதாக வந்தவன் என்பதால் எனக்குச் சின்னதைக் கொடுத்தார்கள். ஒரு மாசத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, மணலில் அதுதான் ராஜா. பெரிய வண்டிக்குக் கனம் ஜாஸ்தி. எஞ்சின் எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆழமாக உட்காரும். சின்னது நண்டு மாதிரி மேலாகவே ஓடிவிடும். டயரில் காற்றை மட்டும் இறக்க வேண்டும். ரோட்டில் முப்பது இருந்தால் மணலில் பதினைந்து, ரொம்பப் பொடி மணல் என்றால் பன்னிரண்டு. டயர் பரந்து உட்காரும். அப்புறம் பிரேக்கைத் தொடவே கூடாது. நிறுத்த வேண்டும் என்றால் காலை எடுத்துவிட்டு அதுவாக நிற்க விட வேண்டும், அதுவும் இறக்கம் பார்த்த மாதிரி. ஏற்றத்தில் நின்றால் மறுபடி கிளம்பாது. அப்படியே பின்னால் வந்து, வேகம் எடுத்துத்தான் ஏற வேண்டும். எஞ்சின் சின்னதானதால் முன்யோசனை வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை கேம்ப் இன்சார்ஜின் பெரிய வண்டியை நான் என் சின்னதை வைத்து இழுத்திருக்கிறேன். அவர் அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளே கியருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்கும். அதை ஃபோர் வீலுக்குத் தள்ளினால் முன்னால் ஒரு பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்துவிட்டால் நாலு சக்கரமும் இழுக்கிறது என்று புதியவன் நினைப்பான். இழுக்காது. கீழே இறங்கி, முன் சக்கரம் ரெண்டிலும் நடுவில் இருக்கிற உள்ளங்கை அகல வட்டத்தைக் கையால் திருப்பி விட வேண்டும். அதற்கு ஹப் என்று பேர். அதைத் திருப்பினால்தான் எஞ்சின் இழுக்கிறது முன் சக்கரத்துக்குப் போகும். திருப்பாவிட்டால் விளக்கு எரியும், வண்டி நிற்கும். இப்போது வருகிற புது வண்டிகளில் இந்தக் கஷ்டம் இல்லை.

ஹப்பில் எது பூட்டு, எது திறப்பு என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ரோட்டு போர்டுகளைப் படமாக மனப்பாடம் பண்ணித்தான் லைசென்ஸ் வாங்கினேன். கம்பெனியில் படிக்கத் தெரியாத டிரைவர் இருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. பாதுகாப்பு ஃபாரத்தை வேறு ஆளை வைத்து நிரப்பிக் கொடுத்திருந்தேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

யோகனுக்குத் தெரிந்துவிட்டது. யோகன் எங்கள் மெக்கானிக், இலங்கைத் தமிழர், வவுனியாப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். நான் ஹப்பைத் திருப்பிவிட்டு, வண்டியை நகர்த்திப் பார்த்து, சரியில்லை என்று மறுபடி இறங்கித் திருப்புவதை ரெண்டு மூணு நாள் கவனித்திருக்கிறார். ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பில் யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணை, உங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுதானே?"

நான் ஹப்பைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"இதிலை என்ன வெக்கம்? எனக்கும் அரபு தெரியாது. கடையிலை முட்டை கேக்கக் கோழி மாதிரிக் கத்திக் காட்டினனான். பொறுங்கோ."

உள்ளே போய்ச் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் ஒரு தீக்குச்சியும் எடுத்து வந்தார். திருகுகிற வட்டத்தில் ஒரு பொட்டு, அசையாத பாகத்தில் ஒரு பொட்டு. ரெண்டு சக்கரத்துக்கும் அப்படி வைத்தார்.

"இந்தச் சிவப்பும் அந்தச் சிவப்பும் நேர வந்தா முன் சில்லு ரெண்டும் இழுக்கும். நேர வராட்டி பின் சில்லு மட்டும்தான். விளங்கிச்சோ?"

"விளங்குது. யார்கிட்டயும்..."

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீங்க பயப்பிடாதேங்கோ."

அவர் சொல்லவில்லை. கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

4

ஒரு குளிர்காலத்தில் எங்களைத் தபூக்குக்கு அனுப்பினார்கள். அது சவுதியின் வடமேற்கு மூலை, தம்மாமிலிருந்து நாடு முழுக்கக் குறுக்கே போக வேண்டும். சின்ன ஜீப்பை ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோனோம். யோகனும் கூட வந்தார். மலை மேலே டவரில் ஒரு கோளாறு. அதைச் சரிபார்க்க ரோமி என்று ஒரு பிலிப்பைன்ஸ்காரர், அவரை ஏற்றிப்போக நான்.

புறப்படும்போது யோகன் டார்ப்பாயைக் கட்டிக்கொண்டே சொன்னார், "அண்ணை, மேலை பனி கொட்டுதாம். ஏறத் தொடங்கேக்கையே ஹப்பைப் பூட்டிப்போட்டு ஏறுங்கோ. பிறகு இறங்க ஏலாது." நான் தலையாட்டினேன்.

மலையடி வரைக்கும் தார் ரோடு. மழைத் தூறல்தான். ஹப் பூட்டித் தார் ரோட்டில் ஓட்டினால் ஸ்டியரிங் இறுகும், பெட்ரோலும் ஜாஸ்தி குடிக்கும். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பாதி மலையில் தூறல் வெள்ளையாக மாறியது. நான் பனியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சுண்ணாம்புத் தூளைச் சல்லடையில் சலித்த மாதிரி சத்தமே இல்லாமல் விழுந்தது. ரோமியும் பார்த்ததில்லை. ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினோம்.

அப்புறம் ரோடு தெரியவில்லை. பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்தது. இப்போது இறங்கி ஹப்பைப் பூட்ட வேண்டும். எனக்குத் தெரியும். மறந்துபோனேன் என்றுகூட நான் சொல்ல முடியாது.

என் காலில் செருப்பு. சவுதியில் நாங்கள் எல்லோரும் செருப்புப் போட்டுத்தான் ஓட்டுவோம். ஷூ என்பது இன்ஸ்பெக்‌ஷன் வரும் அன்றைக்கு மட்டும். வெளியே கணுக்கால் அளவுக்குப் பனி. இறங்கினால் கால் நனைந்துவிடும், நாள் முழுக்க ஈரக் காலோடு ஓட்ட வேண்டும். கம்பியைத் தள்ளினேன். பச்சை விளக்கு எரிந்தது. இதோ மேலே போய்விட்டால் டவர் ரூமில் இறங்கப் போகிறோம், அங்கே பூட்டிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அழுத்தினேன்.

ஒரு வளைவில் வண்டி பின்பக்கமாக வழுக்கி ஓரப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், பனி சக்கரத்தை விட்டுவிடும். பின்சக்கரம் இரண்டும் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பனியைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கிவிட்டன. அப்போதாவது நான் இறங்கியிருக்கலாம். ரோமி முந்திக்கொண்டு இறங்கிவிட்டார், ஷூ போட்டிருந்தார். பின்னாலிருந்து தள்ளினார். கையாலேயே பனியைத் தோண்டினார், கையுறை இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். "மோர், பிரதர், மோர்" என்று கத்திக்கொண்டே தள்ளினார். இப்படி எத்தனை நேரம் என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் அவர் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உள்ளே வந்தபோது உதடு நீலமாக இருந்தது, விரல் மடங்கவில்லை.

சாயங்காலம் ஒரு பதூ, பாலைவனத்து அரபி, தன் பிக்கப்பில் சங்கிலியோடு வந்தார். அவர் சங்கிலியை மாட்டும்போதுதான் நான் முதல்முதலாகக் கீழே இறங்கினேன். முன் சக்கரத்தில் அப்பியிருந்த பனியைக் கையால் துடைத்தேன். ரெண்டு சிவப்புப் பொட்டும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கு ஒரு பக்கமாக இருந்தன.

பதூ தன் பிக்கப்புக்குப் பின்னால் குனிந்திருந்தார். ரோமி உள்ளே கண்ணை மூடியிருந்தார். நான் ரெண்டு ஹப்பையும் திருப்பி, பொட்டோடு பொட்டைச் சேர்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

5

ரோமியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரெண்டு விரலில் உணர்வு வரப் பல வாரம் ஆகும் என்றார் டாக்டர். ஒரு ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் கம்பெனிக்கு ஒரு காகிதம் எழுத வேண்டும், அந்தக் காகிதத்தில் யாராவது ஒருத்தர் பேர் வர வேண்டும். கேம்ப் இன்சார்ஜ் ஹைதராபாத்காரர். நான் மணலிலிருந்து இழுத்துவிட்டேனே, அவர்தான். தபூக்குக்கே வந்து என்னையும் யோகனையும் வண்டி பக்கத்தில் நிறுத்தினார்.

"ஹப் லாக் கியா?"

"கியா சாப்." பூட்டினேன் என்றேன்.

"ஃபோர் வீல் லைட்?"

"ஜல்தா தா சாப்." விளக்கு எரிந்தது என்று சொன்னேன். அது ஒன்றுதான் நான் சொன்னதில் உண்மை.

அவர் குனிந்து ஹப்பைப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. யோகன் பக்கம் திரும்பி, அப்படியென்றால் உள்ளே என்ன என்று கேட்டார். யோகன் அங்கேயே ரெண்டு ஹப்பையும் கழற்றிப் பிரித்து ஒரு துணியில் பரப்பிக் காட்டினார். பல் தேயவில்லை, ஸ்பிரிங் ஒடியவில்லை, கிரீஸ் புதிதாக இருந்தது. ஒரு கோளாறும் இல்லை சார் என்றார். கோளாறு இல்லாமலா வண்டி நின்றது, நீ இப்போது சரிபண்ணிவிட்டுக் காட்டுகிறாய் என்றார் இன்சார்ஜ்.

யோகன் அப்போது என்னைப் பார்த்தார். அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஆளுக்குப் படிக்கத் தெரியாது, பொட்டு வைத்துக் கொடுத்தது நான், பூட்டினானா என்று நன்றாகக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே என் கதை முடிந்தது. அவர் சொல்லவில்லை.

மறுநாள் நான் கழுவுகிற இடத்தில் நிற்கும்போது வந்தார்.

"அண்ணை, நீங்க பூட்டேல்லைத்தானே? நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். எனக்கு மட்டும் தெரிஞ்சாக் காணும். என்ரை வேலையிலை பிழையோ எண்டு நித்திரையில்லை."

தனக்குத் தெரிந்தால் போதும் என்று அவர் கேட்டது அவ்வளவுதான். நான் ஒத்துக்கொண்டிருந்தாலும் அவர் போய்ச் சொல்லியிருக்க மாட்டார், எனக்கு அது நன்றாகத் தெரியும். அப்படியும் சொன்னேன்.

"பூட்டினேன் யோகன்."

"சரி அண்ணை" என்று போய்விட்டார்.

காகிதத்தில் யோகன் பேரைத்தான் எழுதினார்கள். தம்மாமுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் அவருக்கு எக்ஸிட் அடித்துவிட்டார்கள். விசா முடிந்தது, ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊர் என்றால் எங்கள் ஊர் மாதிரி இல்லை. அப்போது அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர் அம்மாவும் தங்கச்சியும் ஊரைவிட்டு ஓடி யார் வீட்டிலோ இருந்தார்கள். இவர் இங்கே இருப்பதுதான் அவர்களுக்கு ஒரே ஆதாரம். இதெல்லாம் அவர் ரூமில் சாப்பிடும்போது சொன்னதுதான். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

போகிற அன்று காலையில் பையோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நான் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பொட்டு மங்கிப் போச்சுது அண்ணை. புதுசாப் பூசியிருக்கிறன். இனிப் பனி பட்டாலும் தெரியும்." அப்புறம், "போட்டு வாறன்" என்றார்.

குனிந்து பார்த்தேன். பெயின்ட் ஈரம் காயவில்லை. நான் வருவதற்கு முன்பே வந்து பூசியிருக்கிறார்.

சின்ன ஜீப் பனிக்கு லாயக்கில்லை என்று அந்தக் காகிதத்தில் எழுதி நாலையும் விற்றுத் தள்ளிவிட்டார்கள். எனக்குப் பெரிய வண்டி கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் வாணி எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. "சொல்லுங்க மாமா" என்றாள், என்னைப் பார்க்காமல்.

6

போன சனிக்கிழமை செந்தில் தன் வண்டியை முதல்முதலாக மணலில் இறக்கினான். மலீஹா பக்கம். அவன் கூட்டாளிகள் மூணு வண்டியில் வந்தார்கள். என்னை முன்சீட்டில் உட்கார வைத்தான். ரோட்டோரத்தில் இட்லியும் சட்னியும் சாப்பிடும்போது எல்லோரிடமும், "எங்கப்பா தபூக்ல பனியிலயே ஓட்டினவரு" என்றான். மதுரைக்கார முருகேஷ், "அங்கிள், பனியில சின்ன வண்டி எப்படி? நிக்குமா, சறுக்குமா?" என்று கேட்டான். பதில் வாய்வரைக்கும் பழகிப்போய் இருந்தது. "அதுக்கு அது லாயக்கில்லப்பா" என்றேன். அதோடு மெக்கானிக் கதையைச் செந்திலே சொல்லி முடித்தான். என்னைவிட நன்றாகச் சொல்கிறான்.

காற்றைச் சரியாகப் பதினைந்துக்கு இறக்கினான். நான் சொல்லித் தரவில்லை, எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றிருக்கிறான். முதல் ஏற்றத்திலேயே வண்டி பாதியில் உட்கார்ந்துவிட்டது. கம்பியைத் தள்ளினான். பச்சை விளக்கு எரிந்தது. மிதித்தான். பின்னால் மணல் பறந்தது.

"ஃபோர் வீல் வேலை செய்யலப்பா. லைட் எரியுது, இழுக்கல." அவன் முகம் சிவந்துவிட்டது. மேலே கூட்டாளிகள் நின்று பார்க்கிறார்கள். "போன வாரம்தான் இக்பால் பாய்கிட்ட முன்பக்கம் பூரா வேலை பாத்தேன்."

இக்பால் பாய் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் கராஜ் வைத்திருக்கிற பாகிஸ்தான்காரர். அங்கேயே போன் போட்டான். இந்தியில் கத்தினான். அந்தப் பக்கம், "சாப், ஏக் மினிட், ஏக் பாத் பூச்சூங்" என்று, ஒன்று கேட்கிறேன் என்று கெஞ்சுகிற குரல் எனக்கும் கேட்டது. இவன் கேட்க விடவில்லை, கட் பண்ணிவிட்டான். அப்புறம் போனில் தட்ட ஆரம்பித்தான்.

"என்னப்பா பண்ற?"

"குரூப்ல போடறேன். எண்ணூறு பேர் இருக்காங்க. இனிமே ஒருத்தனும் அந்த ஆள் கடைக்குப் போகக்கூடாது." தட்டிக்கொண்டே சொன்னான், "உங்களுக்கு அன்னிக்கு அந்த மெக்கானிக் செஞ்ச மாதிரியே எனக்கும் செஞ்சுட்டான் பாருங்கப்பா."

மேலேயிருந்து முருகேஷ் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தான். கட்டி இழுத்துவிடுவான். வண்டி வெளியே வந்துவிடும். ஒருத்தருக்கும் தெரியாது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன், நான் உடனே இறங்கவில்லை. கயிறு வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வயசிலும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

செந்திலின் கட்டைவிரல் அந்த அனுப்புகிற பொத்தானுக்கு மேலே போய்விட்டது.

"அனுப்பாத" என்றேன்.

"ஏம்பா?"

கதவைத் திறந்து இறங்கினேன். செருப்புக்குள் சூட்டு மணல் புகுந்தது. முழங்கால் மடங்காமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வட்டத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கம் போய் அதையும் திருப்பினேன். எழுத்து என்னவென்று இன்றைக்கும் தெரியாது. கைக்குத் தெரியும், பூட்டும்போது ஒரு டக் சத்தம் வரும்.

"பின்னால கொஞ்சம் வந்து, இப்ப ஏறு" என்றேன். ஏறினான். வண்டி ஒரு தயக்கமும் இல்லாமல் மேட்டில் போய் நின்றது.

முருகேஷ் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "அங்கிள் ரெண்டு தட்டு தட்டினதும் வண்டி பயந்து ஓடுது பாருங்கடா. செந்திலு, நீ யூடியூப்ல ஓட்டு, வண்டிய அப்பாகிட்ட குடு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். செந்திலும் சிரித்தான். சிரித்துக்கொண்டே என் பக்கம் இறங்கி வந்தவன் நடுவில் நின்றுவிட்டான்.

"அப்பா, அந்தத் தபூக் வண்டியிலயும் இதே ஹப்தானே?"

"ஆமா."

"அன்னிக்கு நீங்க..."

"திருப்பல."

செந்தில் போனை எடுத்தான். நான் என்னவோ என்று பார்த்தேன். இக்பால் பாய்க்குத்தான் போட்டான். "பாய், கல்தி மேரா தா. ஹப் லாக் நஹி கியா. மாஃப் கரோ" என்றான். தப்பு என்னுடையது, பூட்டவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று முருகேஷ் காதில் விழவே சொன்னான். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அதைத்தானே சாப் கேட்க வந்தேன் என்கிறார். இன்னும் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இதைச் சொல்ல எனக்கு முப்பது வருஷம் இருந்தது.

7

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் முன்னால் நின்றேன். தியாவைக் கூப்பிட்டேன்.

"இந்த ஆளை அழிச்சிடும்மா."

"ஒய் தாத்தா? ஹீ இஸ் தி பேட் கை."

"அவர் இல்ல. நான்தான்."

வாணி எடுத்துக் கொடுக்கவில்லை. தியாவுக்கே புரிந்தது. என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அழிப்பான் எடுத்து வந்தாள். ஸ்டார் இருந்த பக்கம் போகாமல் பார்த்து அழித்தாள். அப்புறம் அவளுக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள், "அப்போ உங்களைக் காருக்கு வெளிய வரையணுமா?"

"ஆமாம்மா. வெளியதான் இறங்கியிருக்கணும்."

அதற்கு அப்புறம் செந்தில் என்னோடு அதிகம் பேசவில்லை. கோபமா என்றால் கோபம் மாதிரியும் தெரியவில்லை. நேற்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், போனைக் கையில் வைத்துக்கொண்டு.

"அவர் முழுப் பேர் சொல்லுங்கப்பா. தேடிப் பாக்கலாம். வெளிநாட்டுல எங்கயாவது இருக்கலாம். ஊர்லயே இருக்கலாம்."

"யோகன்."

"யோகன்னா? யோகநாதனா, யோகராசாவா, யோகேஸ்வரனா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். என் வீட்டு எருமை கன்று போட்டது வரைக்கும் அவருக்குத் தெரியும். அவர் முழுப் பேரை நான் கேட்டதே இல்லை. அவர் அப்பா பேரும் தெரியாது, ஊர்ப் பேரும் வவுனியாப் பக்கம் என்பதோடு சரி. செந்தில் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அதனால்தான் வாணியை உட்காரவைத்து இதை எழுதச் சொன்னேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில், தம்மாமில் டவர் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த யோகனைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ சொல்லுங்கள். அவர் வேலையில் ஒரு பிழையும் இல்லை. சின்ன வண்டி பனியில் நன்றாகவே போகும். அன்றைக்கு நான் பூட்டவில்லை. காலில் செருப்பு இருந்தது, கால் நனையும் என்று இறங்கவில்லை.